ரசீது மேசை அக்காவும் பதினான்கு கார்னெட்டும்

‘வெறும்’ என்ற சொல்லை யாரும் எங்கள் ஆய்வகத்தில் விட்டுவிட்டுப் போக ரசீது மேசை அக்கா அனுமதித்ததில்லை.

திண்டுக்கல்லில் நகைக்கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது அந்த ஆய்வகம். கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கற்களைக் கொண்டுவருவார்கள். அது என்ன கல் என்று சோதித்துச் சான்று கொடுப்போம். சோதிப்பவள் நான். ரத்தினவியல் படித்து முடித்த கையோடு அங்கே சேர்ந்திருந்தேன். கல்லை வாங்கி, எடை போட்டு, ரசீது எழுதி, சோதனை முடிந்ததும் உறையிலிட்டு ஒப்படைப்பவர் அவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். சான்றில் கையெழுத்துப் போடுகிறவள் என்பதால் அவர் என்னை மேடம் என்பார். அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

சிவப்புக் கல்லோடு வருகிறவர்கள் எல்லோரும் அதை மாணிக்கம், ஊர்ப்பேச்சில் கெம்பு, என்று நம்பித்தான் வருவார்கள். பத்தில் பல, சோதித்துப் பார்த்தால் அதைவிட விலை குறைந்த கார்னெட்டாக இருக்கும். முகம் வாடும். அப்போது அந்தச் சொல் வரும்.

“அப்ப வெறும் கார்னெட்டுதானா?”

“கார்னெட்டுண்ணே.”

“அதான், வெறும் கார்னெட்டு.”

“அண்ணே, உறைக்குள்ள கார்னெட்டு இருக்கு. சான்றுலயும் கார்னெட்டுதான் இருக்கு. அந்த வெறும் நீங்க கொண்டுவந்தது. மறக்காம எடுத்துட்டுப் போயிருங்க.”

சிலர் சிரிப்பார்கள். சிலர் முறைப்பார்கள். அவர் அதற்குள் அடுத்த ரசீதை எழுதத் தொடங்கியிருப்பார்.

கல்லைத் தாழ்த்தவிடாதவர், உயர்த்தவும் விட்டதில்லை. சோதனைக்கு முன்னால் எழுதும் ரசீதில் வந்தவர் சொல்லும் பெயரை எழுதமாட்டார். ‘சிவப்புக் கல், ஒன்று’ என்றுதான் எழுதுவார். ஒருமுறை ஒரு கடைக்காரர், மாணிக்கம் என்று எழுதச் சொல்லி மேசையைத் தட்டினார். “மாணிக்கம்னு நீங்க சொல்றீங்க. நான் பாத்தது செவப்பு. பாத்ததை எழுதவா, கேட்டதை எழுதவா?” என்றார் அக்கா. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சின்னாளபட்டிக்காரர். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் வீடு. சிவப்பைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. உறையோடு எழுந்து மாடிப்படி வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் கல்லை ஒரு முறை காட்டி எடுத்து வந்துதான் என் மேசையில் வைப்பார். எதற்கு என்று கேட்டதற்கு, “நீங்க உள்ள போயி பாக்கறீங்க, நான் வெளிய நின்னு பாக்கறேன். ரெண்டும் ஒண்ணா வந்தா நல்லது,” என்றார்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மனதில் நிற்கும். கார்னெட் வகைகளையும் அவற்றின் நிறங்களையும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். அல்மன்டைன், கருஞ்சிவப்பு, இரும்பு. பைரோப், ரத்தச் சிவப்பு, மக்னீசியம். இவை இரண்டும் கலந்த ரோடோலைட், ஊதா கலந்த சிவப்பு. ஸ்பெசார்டின், ஆரஞ்சு, மாங்கனீசு. ஹெசொனைட், தேன் நிறம், நம் கோமேதகம். ஒரு நாள் மதிய உணவுக்குப் பின் வந்து பார்த்தால் ஓரத்தில் பென்சிலால் அவருடைய பட்டியல் இருந்தது. அல்மன்டைனுக்கு நேரே ‘சாயத்துல மூணாவது முக்கு’. ரோடோலைட்டுக்கு ‘நாவப்பழம் தின்ன நாக்கு’. ஸ்பெசார்டினுக்கு ‘மலை ஆரஞ்சு, உரிச்ச சுளை’. கோமேதகத்துக்கு ‘கருப்பட்டிப் பாகு, கொதிக்கும்போது’.

கடைசியைப் படித்துவிட்டு ஒரு கோமேதகத்தை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். கோமேதகத்தின் உட்புறம் தெளிவாக இருக்காது. பாகு கலங்கினாற்போல் நெளிந்து நெளிந்து தெரியும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இருந்தது. அக்கா அதை மூன்று சொல்லில் முடித்திருந்தார். அழிக்காமல் விட்டுவிட்டேன்.

இத்தனை நிறங்களும் எப்படி ஒரே கல் ஆகும் என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை எல்லாவற்றிலும் ஒன்றுதான், அந்த அடுக்கின் சில இடங்களில் இரும்பு உட்கார்ந்தால் ஒரு நிறம், மாங்கனீசு உட்கார்ந்தால் வேறு நிறம் என்றேன். செத்த நேரம் யோசித்தார்.

“கட்டு ஒண்ணு, சாயம் வேற.”

சுங்குடியில் துணியை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, பிறகு சாயத்தில் முக்குவார்கள். அதே கட்டை எந்தத் தொட்டியில் முக்கினாலும் புள்ளிகள் அதே இடத்தில்தான் விழும். கார்னெட்டை அதற்குமேல் சரியாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகு பார்க்கும் ஒருவர், ராகுவுக்காகப் போட்ட மோதிரத்தோடு வந்தார். கோமேதகம் அசல்தானா என்று தெரியவேண்டும். அசல்தான். சான்றைப் படித்தவர், ‘கார்னெட் வகை’ என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

“ஏம்மா, இதென்ன கார்னெட்டுங்குது? நான் கார்னெட்டு கேக்கல, கோமேதகம் கேட்டேன்.”

“அப்பு, கோமேதகம் கார்னெட்டு வீட்டுப் பிள்ளதான்.”

“இது ராகுவுக்குத் தெரியுமா?”

“அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு.”

தரகர் விரலை நீட்டி மோதிரத்தைப் பார்த்தார். “வெள்ளாடு, செம்மறி, ரெண்டும் ஆடுங்கிற மாதிரி.” “அம்புட்டுத்தான்,” என்றார் அக்கா. தரகர் படியிறங்கும்போது கீழே யாரிடமோ, “கோமேதகம்யா. கார்னெட்டு வம்சம்,” என்று சொல்வது மேலே கேட்டது.

அக்கா மூக்கில் ஒரு சிவப்புக் கல் மின்னும். கல் ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கில் இருப்பது என்ன கல் என்று வருகிறவர்களுக்கு ஆசை இருக்கும்தானே? கேட்பார்கள். “கண்ணாடிங்க. கல்யாணத்துல இருந்து இதுதான். நல்லாயிருக்கா?” என்பார். குரலில் கூச்சமும் இருக்காது, வீம்பும் இருக்காது. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொல்வார்.

அவரிடம் அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டிவந்த நாள் ஒன்று உண்டு.

ஓர் ஐப்பசியில், மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா இரண்டு நாள் விடுப்பில் இருந்தார். ரசீதும் நானே, சோதனையும் நானே. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் பூ விவசாயம் செய்யும் வீட்டு அம்மா ஒருவர், மகனோடு வந்தார். ஒரு ஜோடி ஏழுகல் தோடு. காதுக்கு ஏழாகப் பதினான்கு சிவப்புக் கற்கள். பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடிய பழைய வேலைப்பாடு. அழித்துப் புதிதாகச் செய்யலாமா என்று கடையில் கேட்டதற்கு, முதலில் கல்லைச் சோதித்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

சோதித்தேன். ஒளிவிலகலை அளக்கும் கருவியில் மாணிக்கம் இரண்டு கோடு காட்டும். இது எப்படித் திருப்பினாலும் ஒரே கோடு காட்டியது. புற ஊதா விளக்கில் பெரும்பாலான மாணிக்கம் தணலாய் ஒளிரும். இது இருண்டு கிடந்தது. நிறமாலையில் இரும்புக்கே உரிய மூன்று கறுப்புப் பட்டைகள். பதினான்கும் அல்மன்டைன் கார்னெட். சந்தேகத்துக்கு இடமே இல்லை. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். சான்றை நீட்டினேன்.

“கெம்பு இல்லம்மா. வெறும் கார்னெட்தான்.”

அந்த அம்மா சான்றைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். “எங்க மாமியா போட்டிருந்தப்ப கெம்பு. நான் போட்டிருந்தப்ப கெம்பு. உம் பொண்டாட்டி காதுக்குப் போயி மூணு வருசத்துல கார்னெட்டாயிருச்சா?”

“அம்மா, எங்க வேலை கல்லு என்னன்னு சொல்றது மட்டும்தான்,” என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

எட்டு நாள் கழித்து ஒரு பெண் படியேறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். பின்னால் அவள் அப்பா, செம்பட்டியிலிருந்து. இருவரும் உட்காரவில்லை. அக்கா தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெண் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“தோடு திருகாணி லூசாயிருச்சுன்னு ஆடிக்குப் போனப்ப எங்க ஊரு ஆசாரிகிட்ட குடுத்தேங்க்கா. ஒரு மத்தியானம்தான். சாயந்திரம் வாங்கிட்டேன். இப்ப, அந்த மத்தியானத்துல கல்லை மாத்திட்டேன்னு எங்க அத்தை சொல்றாங்க. அசல் கல்லைக் கொண்டுக்கிட்டு வா, அப்புறம் வீட்டுக்கு வான்னுட்டாங்க. இல்லாத கல்லை நான் எங்க போயி கொண்டாருவேன்?”

அப்பா மட்டும் சொன்னார்: “எம் பிள்ளையத் திருடின்னுட்டாகம்மா.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “மேடம், அன்னைக்கு அவுககிட்ட என்ன சொன்னீங்க?”

“கார்னெட்னு சொன்னேன்.”

“அம்புட்டுதானா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. “வெறும் கார்னெட்னு சொன்னேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “கல்லைச் சொன்னது சரி. அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கணும்,” என்றார். பிறகு, “இந்தக் கல்லு எப்பப் பதிச்சதுன்னு உங்க மிஷின் சொல்லுமா?”

“சொல்லாதுக்கா.”

“வேற என்ன சொல்லும்?”

யோசித்தேன். கல்லைச் சுற்றி மடித்த தங்க விளிம்பைச் சமீபத்தில் யாராவது பிரித்து மூடியிருந்தால் தடம் இருக்கும். பிரிக்காமல் இருந்தால் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு நான் கல்லை மட்டும் பார்த்தேன், விளிம்பைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முன்னாலேயே இதையும் சொன்னேன்: “ஆனா மாத்துன தடம் இருந்தா அதையும் நான் எழுதுவேன்க்கா.”

“எழுதுங்க. நானே சத்தமாப் படிச்சுக் காட்டுறேன்,” என்றார் அக்கா.

“எழுதுங்க,” என்றாள் அந்தப் பெண்ணும். அப்புறம்தான் தண்ணீரைக் குடித்தாள்.

அக்கா மாமியார் வீட்டுக்குப் போன் போட்டார். “ஒரு சோதனை பாக்கி நிக்கிதும்மா. கட்டணம் கிடையாது. தோட்டைக் கொண்டுக்கிட்டு நாளைக்கு வாங்க. உங்க மருமகளும் வருது.” அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். “அதெல்லாம் இங்க வந்து சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்,” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரு பக்கம் மாமியாரும் மகனும், இன்னொரு பக்கம் பெண்ணும் அப்பாவும். அக்கா தோட்டை வாங்கி ‘சிவப்புக் கல் பதித்த தோடு, ஒரு ஜோடி’ என்று ரசீது எழுதி, வாசல் வெளிச்சத்தில் காட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். “பதினாலும் ஒரே தொட்டி,” என்றார் மெதுவாக.

நாற்பது நிமிடம் பார்த்தேன். ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு விளிம்பாக. பார்த்ததை நான்காக எழுதிக்கொண்டேன்.

ஒன்று: தங்க விளிம்புகள் தேய்ந்து வழவழத்திருந்தன. கருவி பட்ட புதுத் தடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு: சில கீறல்கள் தங்கத்தில் தொடங்கி, நிற்காமல் கல்லின் மேலும் ஓடின. கல்லும் தங்கமும் சேர்ந்து இருந்தபோது விழுந்த கீறல்கள். மூன்று: பட்டை தீட்டிய முனைகள் மழுங்கியிருந்தன. மாணிக்கம் இப்படி எளிதில் மழுங்காது. கார்னெட் அதைவிட மென்மை. காற்றில் பறக்கும் மணல்தூசியே நாளடைவில் அதன் முனையை உருட்டிவிடும். நான்கு: பதினான்கு கல்லுக்குள்ளும் ஒரே மாதிரி ஊசிபோல் மெல்லிய படிகங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு மத்தியானத்தில் இப்படிப் பதினான்கைத் தேடிச் சேர்க்க எந்த ஆசாரியாலும் முடியாது.

எங்கள் சான்றின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு வரி இருக்கும். நான் எப்போதும் அதில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். அன்று எழுதினேன்: ‘கற்கள் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டதற்கோ மாற்றப்பட்டதற்கோ அடையாளம் காணப்படவில்லை. பதிப்பும் கற்களும் ஒன்றாகத் தேய்ந்துள்ளன.’ இன்று வேறு ஊரில் வேறு ஆய்வகத்தில் இருக்கிறேன். அந்த வரியில் கோடு இழுக்கும் பழக்கம் அன்றோடு போயிற்று.

கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

“எழுதுனது இருக்கட்டும் மேடம். அன்னைக்கு வாயால சொன்னதை வாயாலயே மாத்துங்க.”

எழுந்து நின்றேன். “அம்மா, அன்னைக்கு வெறும் கார்னெட்னு சொன்னேன். அது என் தப்பு. இது அல்மன்டைன் கார்னெட். பதினாலும் நல்ல கல்லு. ஆரம்பத்துல இருந்து இந்தத் தோட்டுல இருந்த கல்லு இதுதான். யாரும் மாத்தல.”

அந்த அம்மாவின் முகம் இன்னும் இறுகியது. “அப்ப எங்க மாமியா எங்களை ஏமாத்துனாங்களா?”

அதுதான் அவர் பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மருமகள் திருடி இல்லையென்றால் தன் மாமியார் பொய்க்காரி. இரண்டில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார்.

அக்கா எழுந்தார். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். பார்சலில் வந்த தெர்மாகோலில் இரண்டு துண்டு கிள்ளி மிதக்கவிட்டார். ஒன்றின் மேல் ஒரு தோட்டைத் திருகாணி இல்லாமல் வைத்தார். இன்னொன்றின் மேல் நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சிறு மாணிக்கத்தை வைத்தார். என் மேசையிலிருந்த வலுவான காந்தத்தை எடுத்து மாணிக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அது அசையவில்லை. தோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தோடு மெல்ல நகர்ந்தது. காந்தம் போகும் பக்கமெல்லாம் ஓடம்போல் பின்னால் வந்தது.

மகன் குனிந்தான். “தங்கத்தையா இழுக்குது?”

“தங்கத்தை இழுக்காது. கல்லுக்குள்ள இரும்பு இருக்கு. அதான் அந்தச் செவப்பு. கெம்பு இப்படி வராது. பாத்தீங்கள்ல?” பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார். “உங்க மாமியா ஏமாத்தலம்மா. செவப்பா இருந்தா கெம்புன்னோம், எல்லாரும்தான். அவுகளுக்குத் தெரிஞ்சதை அவுக சொன்னாக. தெரியாதது கல்லோட பேரு மட்டும்தான்.”

அந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எங்க மாமனார் கிணறு வெட்டுனப்ப செவப்புக் கல்லா வந்துச்சும்பாக. பையில கட்டி மதுரைக்குக் கொண்டுபோனாகளாம்,” என்றார்.

அந்தக் கிணற்றுக் கல்தான் இது என்று என்னால் சொல்ல முடியாது. எந்தக் கருவியும் சொல்லாது. எங்கள் பக்கத்துப் பாறையில் கார்னெட் உண்டு என்பது மட்டும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: “மேடம் அதை எழுத மாட்டாக. நம்ம கேட்டுக்கலாம்.”

அந்த அம்மா தண்ணீரில் கைவிட்டுத் தோட்டை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். “ஏ புள்ள, இங்க வா,” என்றார்.

மருமகள் வந்தாள். மாமியார் அவள் காதுக்குக் கையைக் கொண்டுபோனபோது தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“பேரைச் சொல்லுங்க அத்தை.”

“என்னத்த?”

“கல்லோட பேரு. போன வாரம் தெருவுல வச்சு என்னைய ஒரு பேரு சொன்னீகள்ல. இதோட பேரை இங்க வச்சுச் சொல்லுங்க.”

அவள் அப்பா தரையைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான். அக்கா மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“கார்னெட்டு,” என்றார் மாமியார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்க வீட்டுக் கார்னெட்டு. எம் மருமக போட்டிருக்கற கார்னெட்டு. போதுமாடி?”

பெண் காதைக் காட்டினாள்.

போகும்போது அந்த அம்மா ரசீது மேசையில் நின்று, ஒப்படைப்புப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். அக்கா படித்தார்: “அல்மன்டைன் கார்னெட், பதினாலு.” இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அக்கா இன்னொரு தடவையும் படித்தார். நால்வரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள். தெரு வெயிலில் அந்தக் காதுகள் இரண்டும் ஒரு கணம் சிவந்ததை மேலேயிருந்து நாங்கள் பார்த்தோம்.

உள்ளே வந்ததும் அக்கா மாணிக்கத்தை அதன் பெட்டியில் வைத்தார். கிண்ணத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவித் துடைத்து, அதிலேயே சோற்றுக்கான வெஞ்சனத்தை எடுத்து வைத்தார். எனக்கும் பசித்தது.

“இன்னைக்கு என்னக்கா, வெறும்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அவர் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“கத்தரிக்காய் வதக்கல்,” என்றேன்.

“ம்,” என்றார். என் தட்டில் இரண்டு கரண்டி வைத்தார்.